கிளையன்ட் ரிலேஷன்ஷிப் மேனேஜரை வேலைக்கு எடுப்பது எப்படி: முதல்முறை எடுப்பவர்களுக்கு

இந்த ஒரு பதவிக்கு இரண்டு ஆண்டுகளில் மூன்று பேரை எடுத்திருக்கிறேன். முதலில் வந்தவர் நான்கு மாதம் இருந்தார். அடுத்தவர் ஆறு வாரம். மூன்றாவதாக வந்தவர்தான் நிலைத்தார். எங்களுடையது நிறுவனங்களுக்கு வலைத்தளம் செய்து, மாதாமாதம் பராமரித்துத் தரும் சிறு தொழில். அப்போது 34 கிளையன்ட்டுகள் இருந்தார்கள். முதல் ஆள் இருந்த நான்கு மாதத்தில் ஐந்து பேர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் போய்விட்டார்கள். அதில் ஒருவர் ஆறு வருடப் பழக்கம். கடைசியாகப் போனில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வேலையில ஒரு குறையும் இல்லைங்க. ஆனா மூணு மெயில் போட்டேன். பார்த்துட்டு சொல்றேன்னவர் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை."

அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன். இன்டர்வியூவில் சரளமாகப் பேசினார், சிரித்த முகம், எடுத்துவிட்டேன். இந்த வேலையில் பேச்சைவிட, சொன்னதைச் சொன்ன தேதியில் செய்வதும், கெட்ட செய்தியை முன்கூட்டியே சொல்வதும்தான் முக்கியம். அது தெரிய எனக்கு ஐந்து கிளையன்ட்டுகள் செலவானார்கள். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

இந்தப் பதவிப் பெயரைச் சொல்லி நான்கு விதமான வேலைகளுக்கு ஆள் தேடுகிறார்கள். புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பது சேல்ஸ். வந்த புகாரைத் தீர்ப்பது சப்போர்ட். வேலை குறித்த நாளில் முடிகிறதா என்று விரட்டுவது புராஜெக்ட் மேனேஜரின் வேலை. ஏற்கெனவே இருக்கும் கிளையன்ட்டின் தேவை என்ன, மனக்குறை என்ன என்று தெரிந்துவைத்துக்கொண்டு அவர் அடுத்த ஆண்டும் நம்மோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் ரிலேஷன்ஷிப் மேனேஜரின் வேலை.

எப்படியும் சம்பளம் கொடுக்கப்போகிறோமே என்று நான்கையும் ஒருவர் தலையில் கட்டத் தோன்றும். நான் அதைத்தான் செய்தேன். மாதம் இரண்டு புதிய கிளையன்ட் என்று டார்கெட்டும் வைத்தேன், ஊக்கத்தொகையையும் அதற்கே வைத்தேன். அவர் புதியவர்கள் பின்னால் ஓடினார், பழையவர்கள் நழுவினார்கள். காசு எதற்கோ கவனமும் அதற்குத்தான் போகும்.

அதனால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு வருடம் கழித்து, இவர் நன்றாக வேலை செய்தார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? மூன்றாவது முறை நான் எழுதிய பதில் இது: "புதுப்பிக்க வேண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் புதுப்பித்திருக்க வேண்டும். போகிறவர் போகப்போகிறார் என்பது எனக்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்." பின்னால் வரும் விளம்பரம், கேள்விகள், சம்பளம் எல்லாம் இந்த இரண்டு வரியிலிருந்துதான் வந்தன.

2. ஆள் தேவைதானா என்று கணக்குப் போடுங்கள்

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கிளையன்ட்டோடு பேசிய ஒவ்வொரு போன், எழுதிய ஒவ்வொரு மெயில், எத்தனை நிமிடம், எதற்காக. எனக்கு 52 மணிநேரம் வந்தது. அதில் 19 மணிநேரம், "அந்த வேலை எந்த அளவில் இருக்கிறது" என்று எங்கள் ஆட்களிடமே கேட்டுக் கிளையன்ட்டிடம் சொன்னதில் போயிருந்தது. அதற்குப் புது ஆள் தேவையில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நிலவர மெயில் அனுப்ப ஏற்பாடு செய்ததும் பாதிக்கு மேல் குறைந்தது.

நீங்கள் செய்யாமல் விட்டதையும் கணக்கில் எடுங்கள். மூன்று மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசாத கிளையன்ட்டுகள் யார் யார் என்று பட்டியல் போட்டேன். 22 பேர். ஆள் வேண்டும் என்று முடிவெடுத்தது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

அப்புறம் பணக் கணக்கு. சம்பளத்தை மட்டும் செலவாக நினைக்காதீர்கள். ஊழியரின் வருங்கால வைப்புநிதி போன்றவற்றுக்குச் சட்டப்படி நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, மடிக்கணினி, போன், மென்பொருள் சந்தா, பயணம், விளம்பரச் செலவு எல்லாம் சேரும். முதல் ஆண்டுக்குச் சம்பளத்தைப் போல ஒன்றேகால் மடங்காவது ஒதுக்கிவையுங்கள். அந்தத் தொகையை ஒரு கிளையன்ட்டிடமிருந்து ஆண்டுக்குக் கிடைக்கும் லாபத்தால் வகுங்கள். கவனம், வருமானத்தால் வகுக்கக்கூடாது. ஒருவர் ஆண்டுக்கு 100 தருகிறார், செலவு போக உங்கள் கையில் 40 நிற்கிறது, ஆளுக்கு 300 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தை வைத்துப் பார்த்தால் மூன்று கிளையன்ட்டைத் தக்கவைத்தாலே போதும் என்று தோன்றும். லாபத்தை வைத்துப் பார்த்தால் ஏழெட்டுப் பேர். உங்களிடம் மொத்தமே பத்துக் கிளையன்ட்தான் என்றால், இப்போதைக்கு நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் ஒருவருக்குப் பாதி நேர வேலையாகக் கொடுங்கள்.

3. உங்கள் தலையில் இருப்பதைத் தாளில் இறக்குங்கள்

இதை ஆள் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் ஆள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். இரண்டாவதாக வந்த பெண் நல்ல திறமைசாலி. ஆனால் ஒவ்வொரு போனுக்கு முன்பும் என்னிடம் வந்து கேட்க வேண்டியிருந்தது. இவரிடம் கேட்டால் இவர் போய்க் கேட்டுவிட்டு வருகிறார், நேராகவே கேட்டுவிடலாமே என்று கிளையன்ட்டுகள் என்னையே அழைக்கத் தொடங்கினார்கள். ஆறாவது வாரம், "எனக்கு இங்கே வேலையே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தப்பு முழுக்க என்னுடையது.

ஒரு கிளையன்ட்டுக்கு ஒரு பக்கம் போதும். ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கையெழுத்துப் போடுபவர் யார், பணம் அனுப்புபவர் யார், நம் வேலையைத் தினமும் பயன்படுத்துபவர் யார் (பெரும்பாலும் மூவரும் வேறு வேறு ஆட்கள்), இதுவரை வந்த சண்டைகள், ஒப்பந்தத்தில் இல்லாமல் நீங்கள் வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்குகள். கடைசியில் சொன்னதுதான் மிக முக்கியம். நான் எழுதிய பக்கங்களில் ஒன்றிலிருந்து:

"கணக்குப் பார்ப்பவர் 20-ஆம் தேதிக்குப் பிறகு வரும் இன்வாய்ஸை அடுத்த மாதம்தான் எடுப்பார். முதலாளி மெயில் படிப்பதில்லை, காலை பத்து மணிக்குள் போன் செய்தால் பேசுவார். இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் முழுக்கத் தளம் முடங்கியது, அதை இன்னும் மறக்கவில்லை. முகப்புப் பக்கத்தில் ஒரு மாற்றம் இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் செய்யவில்லை."

34 பேருக்கும் எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. எழுத எழுத, நான் சொல்லிவிட்டுச் செய்யாத 11 வாக்குகள் வெளியே வந்தன. அவற்றில் ஏழை ஆள் எடுப்பதற்கு முன்பே முடித்தோம். விலையுயர்ந்த சி.ஆர்.எம். மென்பொருளை (வாடிக்கையாளர் விவரங்களையும் பேச்சுகளையும் ஒரே இடத்தில் சேர்த்துவைப்பது) இந்தக் கட்டத்தில் வாங்க வேண்டாம். ஒரு எக்செல் தாளும் ஒரு ஃபோல்டரும் போதும். வருகிறவர் எதில் வேலை செய்து பழகியவர் என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

4. விளம்பரத்தை எழுதுங்கள்

"சிறந்த தொடர்புத்திறன் உள்ள, சவால்களை விரும்பும், துடிப்பான நபர் தேவை." இப்படி எழுதினால் எல்லோரும் விண்ணப்பிப்பார்கள், ஏனென்றால் எல்லோருமே தங்களை அப்படித்தான் நினைக்கிறார்கள். முதல்முறை எனக்கு 140 ரெஸ்யூமே வந்தது. படிக்கவே ஒரு வாரம் போனது.

வேலையை அப்படியே எழுதுங்கள். எத்தனை கிளையன்ட், எப்படிப்பட்டவர்கள், ஒரு வாரத்தில் சராசரியாக எத்தனை போன், எத்தனை நேர்ச் சந்திப்பு, யாருக்குக் கீழே வேலை, பயணம் உண்டா, எந்த மொழிகளில் பேச வேண்டும். கஷ்டமான பகுதியையும் மறைக்காமல் எழுதுங்கள். நான் எழுதியது: "மாதத்தில் இரண்டு மூன்று முறை கோபமான போன் வரும். தப்பு நம்முடையதாகவே இருக்கும். அதைக் கேட்டு, ஒப்புக்கொண்டு, என்றைக்குச் சரியாகும் என்று சொல்ல வேண்டும்." சம்பள வரம்பையும் போட்டுவிடுங்கள். போடாவிட்டால், ஒத்துவராத தொகையை எதிர்பார்ப்பவர்களோடு மூன்று சுற்று பேசிய பிறகுதான் அது தெரியவரும்.

விளம்பரத்தின் கடைசியில் ஒரு சிறு கேள்வி வையுங்கள். "ஒரு வாடிக்கையாளரிடம் நீங்கள் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்த ஒரு சம்பவத்தை ஐந்து வரியில் எழுதி அனுப்புங்கள்" என்று வைத்தேன். மூன்றாவது முறை வந்தது 38 விண்ணப்பம்தான். அந்த ஐந்து வரியை எழுதியவர்கள் 16 பேர். மற்றவற்றைத் திறக்கவே இல்லை.

5. சம்பளமும் ஊக்கத்தொகையும்

இதை இன்டர்வியூவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். சேல்ஸ் ஆட்களுக்குக் கொடுப்பதுபோல் பாதிக்குப் பாதி ஊக்கத்தொகை இந்த வேலைக்கு ஒத்துவராது. மாதக் கடைசியில் டார்கெட் முட்டும்போது, கிளையன்ட்டுக்குத் தேவையில்லாததையும் தலையில் கட்டத் தோன்றும். நான் 85 சதவீதம் நிலையான சம்பளம், 15 சதவீதம் ஊக்கத்தொகை என்று வைத்தேன். ஊக்கத்தொகையில் பெரும்பங்கு புதுப்பித்தலுக்கு. மீதி, பழைய கிளையன்ட்டிடமிருந்து வரும் கூடுதல் வேலைக்கு.

ஒரு எச்சரிக்கை. இத்தனை பேர் புதுப்பித்தால் இவ்வளவு என்று மட்டும் வைத்தால், சலுகை கொடுத்தே எல்லோரையும் புதுப்பிக்க வைத்துவிடலாம். அதனால் எத்தனை சதவீதத் தள்ளுபடி வரை அவராகவே கொடுக்கலாம், அதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள்.

6. எங்கே தேடுவது, எவ்வளவு நாளாகும்

முதலில் உங்கள் அலுவலகத்துக்குள் பாருங்கள். சப்போர்ட்டில் இருப்பவர்களில், கிளையன்ட் பெயர் சொல்லிக் கேட்கும் ஒருவர் இருப்பார். பொருளும் ஆட்களும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்தது, உங்களோடு வேலை செய்தவர்களின் பரிந்துரை. அப்புறம் லிங்க்டுஇன் போன்ற தளங்கள். கடைசியாக ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனங்கள். அவர்கள் கட்டணத்தை ஆண்டுச் சம்பளத்தின் சதவீதமாகக் கேட்பார்கள். ஒரு மாதச் சம்பளம் என்றால் 8.33 சதவீதம், மூன்று மாதச் சம்பளம் என்றால் 25 சதவீதம். எடுத்த ஆள் இத்தனை நாளுக்குள் விலகினால் மாற்று ஆள் தருவார்களா, பணம் திரும்ப வருமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்குங்கள். நான் வாய்வார்த்தையை நம்பி இரண்டாவது ஆளுக்கான கட்டணத்தை முழுதாக இழந்தேன்.

உங்கள் கிளையன்ட்டிடம் வேலை செய்பவரையே இழுக்க வேண்டாம். ஆள் கிடைப்பார், கிளையன்ட் போய்விடுவார்.

காலக் கணக்கு இது. கிளையன்ட் பக்கங்களும் விளம்பரமும் தயாரிக்க இரண்டு வாரம். விண்ணப்பங்கள் வர மூன்று வாரம். இன்டர்வியூ, பரீட்சை, விசாரணை எல்லாம் சேர்த்து இரண்டு வாரம். தேர்ந்தவரின் நோட்டீஸ் காலம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம். பிறகு பழக மூன்று மாதம். ஆக, முடிவெடுத்த நாளிலிருந்து அவர் தனியாக நிற்க ஐந்தரையிலிருந்து ஏழரை மாதம் ஆகும். ஆண்டில் எந்த மாதங்களில் உங்களுக்கு அதிகப் புதுப்பித்தல் வருகிறதோ, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் தேதியை வையுங்கள்.

7. பதினைந்து நிமிடப் போன்

ரெஸ்யூமேயில் தேறியவர்களை நேரில் வரச் சொல்வதற்கு முன் போனில் பேசுங்கள். இந்த வேலையே பாதிப் போனில்தான் நடக்கிறது. நேரம் குறித்து, "நீங்கள் எனக்குப் போன் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, வர முடியாவிட்டால் முன்பே சொல்கிறாரா என்று பாருங்கள். நோட்டீஸ் காலம், எதிர்பார்க்கும் சம்பளம், பயணம் செய்ய முடியுமா என்ற மூன்றையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். நான் எட்டுப் பேரோடு பேசி நான்கு பேரை நேரில் அழைத்தேன்.

8. இன்டர்வியூ: எல்லோரிடமும் ஒரே கேள்விகள்

ஆள் தேர்வு முறைகளில் எது பின்னால் வேலையில் சரியாக வருகிறது என்று 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையையே செய்துகாட்டச் சொல்வதும், முன்கூட்டியே வகுத்த கேள்விகளை எல்லோரிடமும் கேட்பதும் மேலே வந்தன. சும்மா பேசிப் பார்ப்பது அவற்றுக்குக் கீழே. எத்தனை வருட அனுபவம் என்பது இன்னும் வெகு கீழே. 2022-இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டபோது எண்கள் பொதுவாகக் குறைந்தன, ஆனாலும் வகுத்த கேள்வி முறைதான் முதலிடத்தில் நின்றது. இதைப் படித்த பிறகுதான் "எட்டு வருட அனுபவம் கட்டாயம்" என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்தேன்.

ஆறு கேள்விகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இன்னொருவரையும் கூட உட்கார வையுங்கள். இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் பேசிக்கொள்ள வேண்டும். முன்பே பேசினால், யார் முதலில் "நல்லா இருக்கார்ல" என்கிறாரோ அவர் கருத்துதான் ஜெயிக்கும்.

எனக்கு உதவிய கேள்விகளில் மூன்று:

"நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிளையன்ட் விலகிப்போன கதையைச் சொல்லுங்கள். போகப்போகிறார் என்று முதலில் எதை வைத்துத் தெரிந்தது?" விலகியதே இல்லை என்பவரிடம் கவனமாக இருங்கள். நல்ல பதிலில் ஒரு நுணுக்கமான அறிகுறி இருக்கும். நாங்கள் எடுத்தவர் சொன்னது: "வழக்கமா போன் எடுக்கிறவர் ஜூனியரை எடுக்க வெச்சார். இன்வாய்ஸ்ல எப்பவும் கேட்காத சந்தேகமெல்லாம் கேட்டாங்க. அப்பவே நான் நேர்ல போயிருக்கணும், ரெண்டு வாரம் தள்ளிப் போனேன்."

"கிளையன்ட் கேட்டது நியாயம், ஆனால் உங்கள் நிறுவனம் மறுத்தது. என்ன செய்தீர்கள்?" இரண்டு பக்கத்துக்கும் உண்மையாக இருந்தாரா என்று இதில் தெரியும். கிளையன்ட்டிடம் போய் "எங்க மேனேஜ்மென்ட் அப்படித்தாங்க" என்று சொல்பவர் உங்களைப் பற்றியும் அதையேதான் சொல்வார்.

"இப்போது நீங்கள் பார்க்கும் கிளையன்ட்டுகளில் அடுத்து யாருடைய ஒப்பந்தம் முடிகிறது? பெயர் வேண்டாம், நிலைமையை மட்டும் சொல்லுங்கள்." வேலையைக் கையில் வைத்திருப்பவருக்குத் தேதி நாக்கு நுனியில் இருக்கும். யாராவது பழைய நிறுவனத்தின் கிளையன்ட் பெயர், விலை எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாளை உங்கள் விவரமும் இப்படித்தான் வெளியே போகும்.

9. வேலையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மொத்தம் ஒரு மணிநேரம் போதும்.

முதல் பாதி, ஒரு மெயில். இந்தச் சூழலைக் கொடுத்தேன்: வெள்ளிக்கிழமை முடிவதாகச் சொன்ன வேலை புதன்கிழமைதான் முடியும். தப்பு நம்முடையது. கிளையன்ட் திங்கட்கிழமை அவருடைய வாடிக்கையாளர்களிடம் அதைக் காட்டுவதாக இருக்கிறார். மெயில் எழுதுங்கள், இருபது நிமிடம். நான்கு பேரில் மூவர் "எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால்" என்று தொடங்கி, புதன்கிழமை என்ற சொல்லை ஐந்தாவது வரிக்குப் பிறகு கொண்டுபோய் ஒளித்தார்கள். ஒருவர் இப்படி எழுதினார்:

"வணக்கம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன வேலை புதன்கிழமைதான் முடியும். தாமதம் எங்களால். உங்களுக்குத் திங்கட்கிழமை காட்ட வேண்டியது எது என்று தெரிந்தால், அந்தப் பக்கங்களை மட்டும் ஞாயிறு மாலைக்குள் முடிக்க முடியுமா என்று எங்கள் குழுவிடம் கேட்டிருக்கிறேன். இன்று நான்கு மணிக்குள் பதில் தெரியும். தெரிந்ததும் போன் செய்கிறேன்."

முதல் வரியிலேயே செய்தி இருக்கிறது. பழியை யார் மேலும் போடவில்லை. "முடித்துத் தருகிறோம்" என்று தெரியாத வாக்கைக் கொடுக்காமல், கேட்டிருக்கிறேன் என்று நிறுத்துகிறார். அடுத்து எப்போது பேசுவார் என்பதற்கு மணிக்கணக்கு இருக்கிறது.

இரண்டாவது பாதி, பேச்சு. நீங்கள் கோபமான கிளையன்ட்டாக உட்காருங்கள். எழுத்தில் கொடுத்திருப்பது பாதிப் பிரச்சினைதான். மீதியை அவர் கேட்டால்தான் சொல்ல வேண்டும். உதாரணமாக, "பில் அதிகம்" என்று சத்தம் போடுங்கள். உண்மையான காரணம், போன மாதம் புது மேலாளர் வந்து எல்லாச் செலவையும் குறைக்கச் சொல்லியிருப்பது. ஒருவர் இரண்டாவது நிமிடத்திலேயே 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்துவிட்டார். இன்னொருவர் பேனாவை எடுத்து, நான் கத்தி முடிக்கும் வரை எழுதினார். பிறகு, "இந்த மாசம் மட்டும் பில்லை உத்துப் பார்க்கிற மாதிரி அங்க ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டார். வேலை அவருக்குத்தான் போனது.

பேச்சு முடிந்ததும், பேசியதைச் சுருக்கி யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதி அன்று மாலைக்குள் அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து கிளையன்ட்டை இழக்க வைத்தது இந்தக் குறிப்பு இல்லாததுதான். உங்கள் உண்மையான கிளையன்ட்டுக்கான திட்டத்தை எழுதச் சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள். இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகும் எதற்கும் பணம் கொடுங்கள்.

10. முன்பு வேலை செய்த இடத்தில் விசாரியுங்கள்

அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இப்போது வேலை செய்யும் இடத்துக்கு ஆஃபர் ஏற்கும்வரை போன் போகக்கூடாது. இரண்டு பேரிடம் பேசினால் போதும். "எப்படி?" என்று கேட்டால் "நல்ல ஆள்" என்றுதான் பதில் வரும். "அவரிடம் ஒரு கிளையன்ட்டைக் கொடுத்தால், நீங்கள் எதை மட்டும் கூடவே இருந்து பார்த்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். இதற்கு யாரும் மழுப்புவதில்லை.

11. ஆஃபரும் காகிதங்களும்

தேர்ந்தெடுத்த இரண்டு நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நான் ஒரு முறை பத்து நாள் இழுத்தடித்து நல்ல ஒருவரை இழந்தேன். கையில் இருக்க வேண்டியவை:

- ஆஃபர் லெட்டர்: பதவி, சேரும் தேதி, நிலையான சம்பளம், ஊக்கத்தொகைக் கணக்கு ஒரு உதாரணத்தோடு, புரொபேஷன் காலம், இரு தரப்புக்கும் நோட்டீஸ் காலம்
- ரகசியக் காப்பு ஒப்பந்தம்: கிளையன்ட் பட்டியல், விலை, ஒப்பந்த விவரங்கள்
- விலகிய பிறகு கிளையன்ட்டுகளை அழைத்துக்கொண்டு போகக்கூடாது என்ற பிரிவு
- எந்த அளவு வரை தானாக முடிவெடுக்கலாம் என்ற ஒரு பக்க அதிகாரப் பட்டியல்
- அடையாளச் சான்று, படிப்புச் சான்று, பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்

மூன்றாவதற்கு வக்கீல் தேவை. விலகியவரைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் எவ்வளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் அறவே செல்லாது. வலையில் கிடைத்ததை அப்படியே நகலெடுக்காதீர்கள். கிளையன்ட்டோடு பேசும் மெயிலும் போன் எண்ணும் நிறுவனத்தின் பெயரில் இருப்பது அந்தப் பிரிவைவிடப் பெரிய காப்பு. முதல் ஆள் தன் சொந்த வாட்ஸ்அப்பில்தான் எல்லோரோடும் பேசினார். அவர் போனதும் நான்கு மாதப் பேச்சும் கூடவே போய்விட்டது.

ஆஃபரை ஏற்றதும் மற்றவர்களுக்கு உடனே "இல்லை" சொல்ல வேண்டாம். தேர்வில் இரண்டாவது இடத்தில் வந்தவரிடம் நிலைமையைச் சொல்லி, அவர் சம்மதித்தால் சேரும் நாள் வரை தொடர்பில் இருங்கள். நோட்டீஸ் காலத்தில் பழைய நிறுவனம் சம்பளம் கூட்டித் தடுப்பது சகஜம். வாரம் ஒரு முறை தேர்ந்தவரோடும் பேசுங்கள்.

12. முதல் மூன்று மாதம்

முதல் இரண்டு வாரம் அவர் கிளையன்ட்டோடு பேசவே கூடாது. ஒவ்வொரு கிளையன்ட் பக்கத்தையும் படிக்கட்டும், பழைய மெயில்களைப் பார்க்கட்டும், சப்போர்ட்டிலும் கணக்கிலும் இரண்டிரண்டு நாள் உட்காரட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து நீங்களே அறிமுகம் செய்துவையுங்கள், எல்லோருக்கும் ஒரே மெயில் போட்டு முடிக்காமல் ஒவ்வொருவராக. வாரம் நான்கைந்து பேர் என்றால் 34 பேருக்கு எட்டு வாரம் பிடிக்கும். மனக்கசப்பில் இருக்கும் கிளையன்ட்டைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குள் புதியவருக்கு வேலை பிடிபட்டிருக்கும்.

அறிமுகம் ஆன கிளையன்ட் பழக்கத்தில் உங்களையே அழைப்பார். இங்கேதான் நான் இரண்டாவது ஆளைக் கெடுத்தேன். போனை எடுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், "அவர் இன்று மாலைக்குள் உங்களிடம் பேசுவார்" என்று சொல்லுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இப்படி இருந்தால் இரண்டாம் மாதம் போன் குறையும்.

30-ஆம் நாள் பார்க்க வேண்டியது, எல்லாக் கிளையன்ட்டின் புதுப்பிப்புத் தேதியும் அவருக்குத் தெரிகிறதா என்பது. 60-ஆம் நாள், ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் தேதியோடு குறிப்பு போகிறதா என்று பத்து மெயிலை எடுத்துப் படியுங்கள். 90-ஆம் நாள், யார் யார் போகக்கூடும், ஏன் என்று ஒரு பட்டியல் கேளுங்கள். அதே சமயம் கிளையன்ட்டுகளிடம் "எங்களை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள்" என்று நீங்கள் தனியாகக் கேளுங்கள். இந்த முறையில் 9, 10 சொல்பவர்கள் ஆதரவாளர்கள், 0 முதல் 6 வரை மனக்குறை உள்ளவர்கள். முப்பது நாற்பது பேருக்கு அதைச் சராசரி போட்டு வைத்துக்கொள்வதால் பயனில்லை. 6-ம் அதற்குக் கீழும் சொன்னவர்களின் பெயர்கள் அவர் கொடுத்த பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். எங்களுக்கு நான்கு பேர் 6-க்குள் சொன்னார்கள். மூன்று பெயர் அவருடைய பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. நான்காவது பெயரைக் காட்டியதும் அன்று மதியமே நேரில் பார்க்கக் கிளம்பினார்.

60-ஆம் நாளிலும் குறிப்புகள் போகவில்லை என்றால் தாமதிக்காமல் பேசுங்கள். எந்த இரண்டு விஷயம், எந்தத் தேதிக்குள் மாற வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். மாறவில்லை என்றால் புரொபேஷன் முடிவதற்குள் முடிவெடுங்கள். பிரியும்போது கிளையன்ட் பக்கங்களைப் புதுப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள், அவர் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரையும் அந்த வாரத்துக்குள் நீங்களே அழைத்துப் பேசிவிடுங்கள்.